உங்கள் உள்ளங்கையைத் துளைக்கும் துகள்கள்: பெங்களூரில் அவற்றை எண்ணிய ஹோமி பாபாவின் கதை

கெலவரப்பள்ளி என்று கூகுளில் தேடினால் முதலில் வருவது நுரைதான். பெங்களூரு பக்கமிருந்து தென்பெண்ணையில் கலந்து வரும் கழிவு, ஓசூருக்கு அருகே இருக்கும் இந்த அணையின் மதகைத் தாண்டும்போது வெள்ளை வெள்ளையாகப் பொங்கும். போட்டோ வைரலாகும். கூடவே மொத்த உயரம் 44.28 அடி, இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று ஒரு செய்தி வரும்.

நுரை கண்ணுக்குத் தெரிகிறது, நீர்மட்டத்துக்கு அளவுகோல் இருக்கிறது. ஆனால் அதே அணைக் கரையில் நின்று உள்ளங்கையை வானத்தைப் பார்த்து விரித்தால், விநாடிக்கு ஒன்றிரண்டு துகள்கள் அதைத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போகும். வலிக்காது, தெரியாது. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள்ளேயே சில போயிருக்கும். இவற்றுக்கு மியூவான் என்று பெயர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்று வீதம், இரவு பகல் பாராமல் பெய்துகொண்டே இருக்கிற மழை இது.

இது ஏன் தரைவரை வந்து சேர்கிறது என்ற புதிருக்கு விடை சொன்னவர்களில் முக்கியமானவர், கெலவரப்பள்ளியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆறு வருடங்கள் வேலை பார்த்தவர். ஹோமி ஜஹாங்கீர் பாபா. அணு உலை, அணுகுண்டு, விமான விபத்து, வெப் சீரிஸ் என்று நாம் அவரைத் தெரிந்துவைத்திருப்பது வேறு மாதிரி. அளவுக் கருவிகளோடு மல்லுக்கட்டிய பாபாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

மெக்கானிக்கல் படி, அப்புறம் பார்க்கலாம்

1909 அக்டோபர் 30-ல் பம்பாயில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். தாத்தா, மைசூர் சமஸ்தானத்தில் கல்வித் துறையின் உயர் அதிகாரி. அத்தை, ஜாம்ஷெட்ஜி டாடாவின் மகன் தோராப்ஜியைத் திருமணம் செய்தவர். அதனால் வீட்டில் எல்லாருக்கும் தெளிவான பிளான் இருந்தது: பையன் கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடிக்க வேண்டும், வந்து ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் உட்கார வேண்டும்.

நம்ம வீடுகளில் நடக்கிற கதைதான், என்ன, வீடுதான் கொஞ்சம் பெரியது. 1927-ல் கேம்பிரிட்ஜ் போன பையன், இன்ஜினீயரிங் எனக்குச் சரிப்படாது, இயற்பியல்தான் வேண்டும் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அப்பா மறுக்கவில்லை, நிபந்தனை வைத்தார். முதலில் மெக்கானிக்கலில் முதல் வகுப்பு வாங்கு, அதற்கப்புறம் கணிதம் படிக்கச் செலவு செய்கிறேன். 1930-ல் முதல் வகுப்பு வாங்கிக் காட்டினார். 1932-ல் கணிதத்திலும் வாங்கினார். பேச்சுக்கே இடமில்லை.

அவர் கேம்பிரிட்ஜில் இருந்த காலம் சாதாரணமானதல்ல. அங்கிருந்த கேவண்டிஷ் ஆய்வகத்தின் தலைவர், அணுவுக்குள் கரு இருக்கிறது என்று காட்டிய ரூதர்ஃபோர்டு. 1932-ல் அதே ஆய்வகத்தில் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். அதே வருடம் காக்கிராஃப்ட், வால்டன் இருவரும் செயற்கையாக முடுக்கப்பட்ட புரோட்டான்களால் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த அணுக்கருப் படம், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, எலெக்ட்ரான் வெளியே இருக்கும் அந்தப் படம், இவர் மாணவராக இருந்தபோதுதான் முழுமையானது.

பிறந்த உடனே சாக வேண்டிய துகள்

வானத்திலிருந்து கதிர்வீச்சு வருகிறது என்பது 1912-லேயே தெரியும். விக்டர் ஹெஸ் என்பவர் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறி, மின்னூட்டம் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பதைக் கையில் கொண்டுபோன கருவியில் பார்த்தார். மேலே போகப் போகக் கசிவு கூடியது. அப்படியென்றால் மூலம் பூமியில் இல்லை, வெளியில் இருக்கிறது. இதுதான் காஸ்மிக் கதிர்.

அந்தக் கதிர் வளிமண்டலத்தில் மோதினால் ஒரே ஒரு துகள் அல்ல, கூட்டம் கூட்டமாக வருகிறது. ஏன்? 1937-ல் பாபாவும் ஹைட்லரும் சேர்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வேகமான ஓர் எலெக்ட்ரான் ஓர் ஒளித்துகளை உமிழும். அந்த ஒளித்துகள் எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாக இரண்டாகும். அவை ஒவ்வொன்றும் மறுபடி உமிழும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்த ஃபார்வர்டு மாதிரி ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆற்றல் தீர்ந்த பிறகுதான் அடங்கும்.

ஆனால் கதிரில் ஒரு பகுதி இந்தக் கணக்குக்கு மசியவில்லை. தடிமனான ஈயத்தையும் துளைத்துக்கொண்டு வந்தது. அது எலெக்ட்ரானைவிடக் கனமான, நிலையில்லாத புதுத் துகளாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அங்கேதான் சிக்கல். இன்று நமக்குத் தெரிந்த எண்களில் சொன்னால், நின்றுகொண்டிருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். அது பிறப்பதோ சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில். கணக்குப்படி வழியிலேயே அழிந்திருக்க வேண்டும். எப்படிக் கெலவரப்பள்ளி வரை வருகிறது?

1938-ல் பாபா எழுதிய சிறு குறிப்பில் இதற்கான சாவி இருந்தது. ஐன்ஸ்டைனின் சார்பியல்படி, மிக வேகமாக ஓடுகிற பொருளின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவதாகத் தெரியும். ஆகவே வேகமான துகள், நின்றிருக்கும் துகளைவிட அதிக நேரம் உயிரோடு இருப்பதாக நாம் அளப்போம். மியூவானின் சொந்தக் கடிகாரத்தில் 2.2 மைக்ரோ விநாடிதான் கழிந்திருக்கும். நம் கடிகாரத்தில் அது பல மடங்கு. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து கைக்கடிகாரம் செய்யும் ஊர் ஓசூர். கடிகாரம் ஏன் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடாது என்பதற்கு நேரடிச் சாட்சி அந்த ஊர்க்காரர்களின் உள்ளங்கையிலேயே விழுகிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இவ்வகைத் துகளுக்கு மீசான் என்று பெயர் வைக்கச் சொன்னவர்களில் பாபாவும் ஒருவர். பிறகு மியூவான் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல என்று தெரிந்து, பெயர் வேறு துகள்களுக்குப் போனது.

லீவுக்கு வந்தவர் மாட்டிக்கொண்டார்

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்திருந்தார். செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. திரும்பிப் போக வழியில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரீடர் வேலை கிடைத்தது. இயற்பியல் துறையின் தலைவர் யார் தெரியுமா? சர் சி.வி. ராமன். ராமனுக்கு இவரைப் பிடித்துப்போனது. பாட்டு, ஓவியம், இன்ஜினீயரிங், அறிவியல் எல்லாம் சேர்ந்த ஆள் என்பதால் லியனார்டோ டாவின்சியோடு ஒப்பிட்டே மேடையில் பேசினார். பாபா ராமனைப் பென்சிலால் வரைந்த படமும் உண்டு. 1941-ல், 31 வயதில், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இதுவரை பேப்பரும் பேனாவுமாக இருந்தவர், பெங்களூரில்தான் கருவி பக்கம் வந்தார். காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். பணம் தோராப்ஜி டாடா அறக்கட்டளையுடையது. கருவி கெய்கர் கவுண்டர்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஓர் உலோகக் குழாய். உள்ளே குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் மாதிரி ஒரு வாயு. நடுவே மெல்லிய கம்பி. கம்பிக்கும் குழாய்க்கும் இடையே பல நூறு வோல்ட். சாதாரணமாக வாயு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஒரு துகள் உள்ளே புகுந்து போனால், போகிற வழியில் சில வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைத் தட்டிவிடும். அந்த எலெக்ட்ரான்கள் கம்பியை நோக்கிப் பாய்கிற வேகத்தில் இன்னும் பலவற்றைத் தட்டிவிடும். கணநேர மின்துடிப்பு. சினிமாவில் வரும் அந்த 'டிக்' சத்தம் அதுதான்.

ஓசூர் சிப்காட்டில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிற நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் முதலில் கேட்ட கேள்வி: ஜீரோ எரர் என்ன? சரியான கேள்வி. வெர்னியர் காலிப்பரின் தாடைகளை மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், அந்த வித்தியாசத்தை ஒவ்வோர் அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். கெய்கர் கவுண்டர் பக்கத்தில் எதையும் வைக்காவிட்டாலும் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டுதான் இருக்கும். மண், சுவர், காற்றிலிருக்கும் ரேடான், வானிலிருந்து வரும் மியூவான் எல்லாமே அதில் விழும். இதைப் பின்னணி அளவு என்பார்கள். அதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு கழிக்காதவன் கெய்கர் கவுண்டரைத் தொடவே கூடாது. யூடியூபில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கவுண்டரை வைத்து அலறுகிறவர்களுக்கும் இதைச் சொல்லலாம்.

பாபாவின் பிரச்சினை இன்னும் சிக்கலானது. அவருக்கு வேண்டியது மேலிருந்து ஈயத்தைத் துளைத்து வரும் துகள் மட்டும். அதற்கு ஒரு நல்ல தந்திரம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. பல கவுண்டர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது, நடுவில் ஈயத் தகடு வைப்பது, எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் டிக் சொன்னால் மட்டும் எண்ணுவது. அக்கம்பக்கத்துக் கதிர் ஏதோ ஒரு குழாயில் விழலாம், எல்லாவற்றிலும் ஒரே நொடியில் விழுவது அரிது. இதற்குக் கவுண்டர் தொலைநோக்கி என்று பெயர், லென்ஸ் எதுவும் கிடையாது.

இந்தக் கருவிகளைப் போர்க்காலத்தில் பெங்களூரிலிருந்து பறந்த அமெரிக்க விமானப்படை விமானங்களில் ஏற்றி, 30,000 அடி உயரம்வரை கொண்டுபோய் அளந்தது பாபாவின் குழு. பெங்களூரு ஏன் முக்கியம்? அது பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது. இங்கே பூமியின் காந்தப்புலம் வேகம் குறைந்த மின்னூட்டத் துகள்களைத் திருப்பி அனுப்பிவிடும். அதிக ஆற்றல் உள்ளவை மட்டும்தான் உள்ளே வரும். வட அமெரிக்காவில் எடுத்த அளவோடு பெங்களூரு அளவை ஒப்பிட்டால், எந்தத் துகள் எந்த ஆற்றலில் பிறக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். ஊர் இருக்கிற இடமே ஆய்வகத்தின் ஒரு பாகமானது.

எண்ணிக்கை வேறு, பாதிப்பு வேறு

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம், ஏனென்றால் செய்திகளில் அடிக்கடி குழம்புகிற இடம் இது. அணைக் கணக்கிலேயே சொல்கிறேன். மதகிலிருந்து விநாடிக்கு எத்தனை கன அடி வெளியேறுகிறது என்பது ஒன்று. அதில் உங்கள் வயலுக்குள் எவ்வளவு பாய்ந்தது என்பது இன்னொன்று. அந்தத் தண்ணீர் பயிரை எவ்வளவு பாதித்தது என்பது மூன்றாவது, நெல்லுக்கும் தக்காளிக்கும் அது வேறுபடும். கதிரியக்கத்தில் முதலாவதற்குப் பெக்கரல்: விநாடிக்கு எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன. இரண்டாவதற்குக் கிரே: ஒரு கிலோ உடல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கியது. மூன்றாவதற்குச் சீவர்ட்: உயிருக்கு என்ன பாதிப்பு.

கெய்கர் கவுண்டர் அடிப்படையில் எண்ணுகிற கருவி. அதன் திரையில் மைக்ரோ சீவர்ட் என்று தெரிந்தால், எண்ணிக்கையை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. உலக சராசரியாக ஒரு மனிதர் இயற்கையிலிருந்து மட்டும் வருடத்துக்கு 2.4 மில்லி சீவர்ட் வாங்குகிறார். அதில் காஸ்மிக் கதிரின் பங்கு சுமார் 0.4. எக்ஸ்ரே எடுக்கிறவர், ஆலையில் இரிடியம் 192 கதிரால் வெல்டிங்கின் உள்விரிசலைப் படமெடுக்கிறவர் இவர்களெல்லாம் சட்டையில் மாட்டியிருக்கும் சின்ன பேட்ஜ் வேறு வகைக் கருவி. அது டிக் டிக் சொல்லாது. வாங்கிய கதிரை அமைதியாகச் சேர்த்து வைத்து, பிறகு சூடாக்கும்போது ஒளியாகக் காட்டிக்கொடுக்கும். பேட்ஜைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால், கருவி பூஜ்யம் காட்டும், உடம்பு காட்டாது.

குண்டு விழுவதற்கு முன்பே எழுதிய கடிதம்

1944 மார்ச் 12. ஹிரோஷிமாவுக்கு இன்னும் 17 மாதங்கள் இருந்தன. பாபா டாடா அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினார். இன்னும் இருபது வருடத்தில் அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும், அப்போது நிபுணர்களுக்காக இந்தியா வெளிநாட்டைப் பார்க்கக் கூடாது, அதற்கு இப்போதே ஓர் ஆராய்ச்சிக் கூடம் வேண்டும் என்பது அதன் சாரம். 1945 ஜூனில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில்தான் தொடங்கியது. அந்த வருடம் டிசம்பரில் பம்பாய்க்கு இடம் மாறியது.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாமே வேகம். 1948 ஆகஸ்ட்டில் அணுசக்தி ஆணையம். தலைவர் பாபா, உறுப்பினர்கள் இருவர்: பட்நாகர், நம்ம வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன். 1954-ல் தனித் துறை. 1956 ஆகஸ்ட் 4-ல் டிராம்பேயில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. சோவியத் நாட்டை விட்டுவிட்டால் ஆசியாவின் முதல் அணு உலை. எரிபொருள் பிரிட்டனுடையது, ஆனால் வடிவமைத்துக் கட்டியது இந்தியர்கள், அதுவும் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில். நீருக்குள் நீல ஒளி வீசும். தண்ணீருக்குள் ஒளி போகும் வேகத்தைவிட வேகமாக எலெக்ட்ரான் ஓடினால் வரும் ஒளி அது. அப்சரா என்று பெயர் வைத்தவர் நேரு.

என்னைக் கேட்டால், பாபா விட்டுச்சென்றதில் உலைகளைவிடப் பெரியது கருவிப் பழக்கம்தான். உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள், கதிர் அளவிகள் எல்லாவற்றையும் இறக்குமதி செய்தால் எப்போதும் அடுத்தவர் தயவில் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். ஏ.எஸ். ராவ் தலைமையில் எலெக்ட்ரானிக்ஸ் குழு வளர்ந்தது. அதுவே 1967-ல் ஐதராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனாக ஆனது.

இன்னொரு வேலை நம் எல்லைக்குப் பக்கத்திலேயே நடந்தது. வட தமிழகத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் போன கோலார் தங்கச் சுரங்கம். தரைக்குக் கீழே போகப் போக மியூவான் எப்படிக் குறைகிறது என்று அளக்க, பாபா தன் மாணவர் ஸ்ரீகண்டனை 1951-ல் அங்கே அனுப்பினார். மேலே 30,000 அடியில் பறந்த கருவியின் வாரிசுகள் சுரங்கத்துக்குள் இறங்கின. 1965-ல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மியூவான் மழை ஏறக்குறைய நின்றுபோன இடத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தை டாடா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் குழுக்கள் சேர்ந்து பிடித்தன. உலகிலேயே முதல் பதிவுகளில் ஒன்று. 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

தப்பாய்ப் போன கணக்குகள்

பாபாவைக் கும்பிட்டுவிட்டு நகர்வது சுலபம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் நடக்கவில்லை. 1955 ஜெனீவா ஐ.நா. மாநாட்டில் தலைவராகப் பேசியபோது, அணுக்கரு இணைவிலிருந்து இருபது ஆண்டுகளில் ஆற்றல் எடுக்க வழி கிடைக்கும் என்று கணித்தார். எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன, இன்னும் ஒரு வீட்டு பல்புகூட அதில் எரியவில்லை. 1980-க்குள் 8,000 மெகாவாட் அணுமின்சாரம் என்ற இலக்கு சொல்லப்பட்டது. அந்த வருடம் நாட்டின் மொத்தத் திறன் 1,000-ஐக்கூடத் தொடவில்லை. இன்றும் நம் மின்சாரத்தில் அணுவின் பங்கு மூன்று சதவீதம் அளவில்தான்.

யுரேனியம் குறைவு, மணவாளக்குறிச்சி, கேரளக் கடற்கரை மணலில் தோரியம் அதிகம் என்பதால் அவர் போட்ட மூன்று கட்டத் திட்டம் தர்க்கரீதியாக அழகானது. முதலில் யுரேனிய உலை, அதில் கிடைக்கும் புளூட்டோனியத்தில் ஈனுலை, கடைசியில் தோரியம். கல்பாக்கத்தில் 1985-ல் சோதனை ஈனுலையும், 1996-ல் தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம் 233-ல் ஓடும் காமினி என்ற குட்டி உலையும் இயங்கத் தொடங்கின. ஆனால் மூன்றாம் கட்டத்துக்கு இன்னும் வெகுதூரம்.

விமர்சனம் அப்போதே இருந்தது. இயற்பியலாளர் மேகநாத் சாஹா, ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களிலிருந்து பிரித்து ரகசியச் சுவருக்குள் வைப்பது தவறு என்று நாடாளுமன்றத்திலேயே வாதாடினார். 1964 அக்டோபரில் சீனா குண்டு வெடித்த சில நாட்களில் பாபா அகில இந்திய வானொலியில் பேசியபோது, 50 குண்டுகள் செய்ய 10 கோடி ரூபாய்க்குள்தான் ஆகும் என்ற தொகையைச் சொன்னார். உலை, புளூட்டோனிய ஆலை, ஏவுகணை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. பின்னணி அளவைக் கழிக்கச் சொல்லிக்கொடுத்த துறையிலிருந்து வந்தவர், இங்கே முக்கியமான செலவுகளைச் சேர்க்காமல் விட்டார் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மோன் பிளாங்க்

1966 ஜனவரி 24. தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்றுதான் இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்காக பாபா ஏர் இந்தியாவின் காஞ்சன்ஜங்கா என்ற போயிங் 707-ல் இருந்தார். பெய்ரூட்டைத் தாண்டி ஜெனீவாவில் இறங்கத் தயாரான விமானம், ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் சிகரத்துக்கு அருகே மோதியது. 117 பேரும் இறந்தார்கள். பாபாவுக்கு 56 வயது. மறு வருடம் டிராம்பே மையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

சிஐஏ சதி என்ற ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். அதன் மூலம், பல ஆண்டுகள் கழித்து வந்த ஒரு புத்தகத்தில், தொலைபேசியில் பேசியதாகச் சொல்லப்படும் உரையாடல். அதைத் தாங்கும் வேறு ஆதாரம் இதுவரை வெளிவரவில்லை. விசாரணை அறிக்கை சொல்வது வேறு. விமானத்தின் இரண்டு விஓஆர் வழிகாட்டிக் கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை, பெய்ரூட்டிலேயே விமானிக்கு அது தெரியும். சிகரத்தைத் தாண்டிவிட்டதாக அவர் இடத்தைத் தவறாகக் கணித்தார். தரையில் ரேடார் பார்த்தவருக்குச் சரியான இடம் தெரிந்தது, திருத்திச் சொன்னார். ஆனால் சொன்ன வாசகம் போதுமான அளவு துல்லியமாக இல்லை. விமானி அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு கீழே இறங்கத் தொடங்கினார்.

பனியாறு அந்த விமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2012-ல் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தபால் பை ஒன்று கிடைத்தது. 2020 ஜூலையில் உருகிய பனிக்குள்ளிருந்து சில இந்திய நாளிதழ்கள் வெளியே வந்தன. ஐம்பத்து நான்கு வருடம் ஐஸுக்குள் கிடந்தவை. காயவைத்ததும் எழுத்து தெளிவாகப் படிக்க முடிந்தது. முதல் பக்கத்தில், இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வான செய்தி.